கடல்கடந்து செய்வித்த சிறு பாய்ப்படகுகள்: முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தர மதிப்பீடு

முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்குப் பாயோட்டம் பழக்குவதற்கென, புலம்பெயர்ந்த உறவுகள் சேர்த்து அனுப்பிய பணத்தில், கிழக்காசியத் தொழிற்சாலை ஒன்றில் செய்வித்து இறக்கிய பயிற்சிப் படகுகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. முதல் தொகுதியில் ஆறு படகுகள் வந்தன. பின்னர் இரண்டாம் தொகுதியில் நான்கு வந்தன. இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வரைபடம் ஒன்று, பாயின் அளவு ஒன்று, விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் முதல் தொகுதியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் தொகுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இடையில் மாறியது, பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன் எதை, வேலையின் எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்ட முறை மட்டுமே. ஆகவே இது படகைப் பற்றிய மதிப்பீடாக இருக்கும் அளவுக்கு, அதைப் பரிசோதித்த சேவையைப் பற்றிய மதிப்பீடாகவும் இருக்கிறது.

தொழிற்சாலையின் பெயரை எழுதவில்லை. அதே அச்சில் வார்த்த உடல்கள் வேறு வேறு பெயர் ஒட்டிப் பல நாடுகளுக்குப் போகின்றன என்பதால், பெயரைத் தவிர்த்து வாங்குவதிலும் பெயரைத் தேடி வாங்குவதிலும் பயன் குறைவு. கண்ணாடியிழைப் படகு ஒட்டும் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், கையால் தட்டியும் நிறுத்தும் எரித்தும் பார்த்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

படகு 14 அடிக்குச் சற்றுக் குறைவான நீளமுடையது. ஒரு பெரும்பாயும் ஒரு சிறு முன்பாயும் உண்டு. இரண்டு பிள்ளைகளோடு பழக்குபவர் ஒருவரும் இருந்து ஓட்டலாம். படகு பக்கவாட்டில் நழுவாதபடி அடியில் நீருக்குள் இறக்கும் நடுப்பலகை, கீழே குத்தி இறக்கும் வகை அல்ல. அச்சில் சுழன்று மடங்கும் வகை. நந்திக்கடல் என்ற எங்கள் கடலேரியில் இந்த ஒன்றே படகைத் தேர்வதற்குப் போதிய காரணம். வட்டுவாகல் பக்கம் கோடையில் நீர் வற்றும்போது முழங்காலளவு ஆழத்தில் திடீரென மணல் தட்டும். குத்தி இறக்கும் பலகையானால் அந்த இடத்தில் படகு நின்றுவிடும், பலகை நுழையும் பெட்டியின் அடிவிளிம்பும் பிளக்கும். சுழலும் பலகை தட்டியவுடன் தானே மேலேறிவிடுகிறது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில், காலையில் அசையாமல் கிடக்கும் கடலேரி பிற்பகலில் குட்டையான, அடுத்தடுத்த அலைகளோடு கொதிக்கும். அந்த அலையிலும் படகின் முன்பக்கமான அணியம் புதையாமல் ஏறுகிறது. பாயைத் தளர்த்தியதும் படகு உடனே நிமிர்கிறது. வரைந்தவருக்குப் படகு தெரிந்திருக்கிறது. குறைகள் எல்லாம் வரைபடத்துக்கும் கரைக்கும் இடையில் ஏற்பட்டவை.

வந்து இறங்கிய அன்றே முதலில் செய்த வேலை நிறுப்பது. மீன் நிறுக்கும் தொங்குதராசை வாடி முகட்டில் கட்டி, இரண்டு பட்டைகளில் வெறும் உடலைத் தூக்கி நிறுத்தோம். ஒப்பந்தத்தில் உடலின் எடை 75 கிலோ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதப்படவில்லை. ஆறு உடல்களில் மிகக் குறைந்தது 71 கிலோ. மிகக் கூடியது 86 கிலோ. ஒரே அச்சு, ஒரே விரிப்புப் பட்டியல் (கண்ணாடியிழை அடுக்குகளின் கணக்கு), ஒரே தொழிற்சாலை என்று சொல்லப்படும் பொருளில் 15 கிலோ வேறுபாடு என்பது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. எடை கூடிய படகு மெதுவாக ஓடும் என்பது அதில் சிறிய தொல்லை. பெரிய செய்தி, கண்ணாடியிழையில் ரெசின் ஊற்றிய கை ஒன்றல்ல என்பது. பிட்டுக்கு மாக் குழைக்கையில் நீரின் அளவு கைக்குக் கை மாறுவது போல, உருளை பிடிப்பவர் மாறும்போது ரெசினின் அளவும் மாறுகிறது. கூடுதலாக ஊற்றியவர் பலத்தைக் கூட்டவில்லை. முறியும் தன்மையைத்தான் கூட்டியிருக்கிறார். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் அதைப் பிடித்து வைத்திருக்க மட்டுமே.

இதில் எங்கள் கரையில் பலரும் நம்ப மறுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மிகவும் சந்தேகத்துக்குரியது 86 கிலோப் படகு அல்ல, 71 கிலோப் படகுதான். அதை முதலில் தூக்கிப் பார்த்த எல்லோரும் மகிழ்ந்தார்கள். அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபோது மற்றவை அசையாத இடத்தில் அது உள்வாங்கியது. ஒரு விரிப்பு குறைந்திருக்கலாம், அல்லது ஓரங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டிய அகலம் விடப்படாமல் இருந்திருக்கலாம். எது என்பது மேல்தட்டு மூடி ஒட்டப்பட்ட பின்னர் எவருக்கும் தெரியாது. சிறு படகுத் தயாரிப்பின் தரப்பிரச்சினை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: படகின் உயிர் எங்கே இருக்கிறதோ, அது வேலை முடியும் முன்னரே மறைந்துவிடுகிறது. வெளியே தெரிவது ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சின் பளபளப்பு. அந்தப் பளபளப்பு அச்சின் மெருகிலிருந்து வருவது; உள்ளே எத்தனை விரிப்பு இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

உலகெங்கும் பிள்ளைகள் பழகும் ஒப்டிமிஸ்ட் என்ற சிறு பெட்டிப்படகை இதற்கு ஒப்பு நோக்கலாம். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தது, நீளம் 2.36 மீற்றர். அதன் விதிப்படி வெறும் உடல் 35 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவுக்கு எடைத்துண்டு பொருத்த வேண்டும். இது போட்டியின் நேர்மைக்காக எழுந்த விதி என்றாலும், அதனால் கிடைத்த பக்கப்பலன், உடலை இளைக்க வைத்துப் பொருளை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளருக்குக் காரணமே இல்லாமற் போனது. ஒரே வகைப் படகுக்கு விதி வகுக்கும் வகுப்புச் சங்கம் எதன் விதிக்கும் உட்படாத எங்களுடையது போன்ற பொதுப் பயிற்சிப் படகுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. வாங்குபவரே அந்த விதியை எழுதிக்கொள்ள வேண்டும்.

எடைக்குப் பிறகு தட்டிப் பார்த்தல். திருகாணி முடுக்கியின் பிளாஸ்திக்குப் பிடியால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டு போனால், நன்றாக ஒட்டிய இடம் கூர்மையான ஒலி தரும். உள்ளே காற்று அடைபட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். இரண்டு படகுகளில் மேல்விளிம்பு வளையும் மூலையில் கைவிரல் நீளத்துக்கு வெற்றிடம் இருந்தது. பெருவிரலால் அழுத்தியதும் ஜெல்கோட் நொறுங்கி விழுந்தது. கண்ணாடியிழை விரிப்பு கூர்மையான மூலைக்குள் படியாது. பிசின் களியால் மூலையை முதலில் நிரப்பி உருட்சியாக்கிய பிறகே விரிப்பைப் போட வேண்டும். எங்கள் கரையில் 18 அடி மீன்பிடிப் போட்டு ஒட்டும் பையன்களுக்குக் கூடத் தெரிந்த வேலை இது. மூலையை நிரப்புவதற்கு எடுக்கும் சில நிமிடங்களைத் தொழிற்சாலை மிச்சம் பிடித்திருக்கிறது.

இறுகல் பற்றியும் ஒரு குறை. முதல் தொகுதியில் ஒரு படகின் பார்வைத் துவாரத்தைத் திறந்ததும் ரெசின் மணம் மூக்கைத் துளைத்தது. தொழிற்சாலையை விட்டு மாதங்கள் கடந்த படகில் அந்த அளவு மணம் இருக்கக் கூடாது. பொலியெஸ்டர் ரெசினுக்கு வன்மையாக்கி பொதுவாக 1 முதல் 2 சதவீதம் சேர்க்க வேண்டும். குளிரான, ஈரமான நாளில் கைக்கணக்கில் குறைத்துச் சேர்த்தால் மேலே காய்ந்ததுபோலத் தோன்றி உள்ளே இறுகாமல் கிடக்கும். அசிற்றோன் தோய்த்த துணியால் உட்புறத்தைத் துடைத்தேன், பரப்பு பிசுபிசுத்தது. அந்தப் படகை ஒரு கோடை முழுவதும் வெயிலில் மூடாமல் வைத்திருந்தோம். வன்னி வெயில் ஓரளவு சரி செய்தது என்றாலும், அது தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலை.

இனி, இந்த மதிப்பீட்டில் நான் அதிக இடம் கொடுக்க விரும்பும் மிதப்பறைகள். படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் தாழாமல் பிள்ளைகளைத் தாங்க வேண்டியவை இரண்டு பக்கங்களிலும் உள்ள அடைத்த காற்றறைகள்தான். இவற்றைச் சோதிக்கும் முறை எளிது, செலவும் இல்லை. ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை ‘ப’ வடிவில் மடித்து அரைவாசி நீர் நிரப்பி, அறையின் வடிகால் துவாரத்தில் பொருத்தி, வாயால் மெல்ல ஊதி, இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாண் வேறுபாடு வரும்வரை அழுத்தம் ஏற்ற வேண்டும். மட்டம் நின்றால் அறை நன்று. இறங்கினால் இணைப்போரம் முழுவதும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்கலாம். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் மேல்தட்டு உடலிலிருந்து கழன்றுவிடும். ஆறு படகுகளின் பன்னிரண்டு அறைகளில் ஐந்து காற்றுப் பிடிக்கவில்லை. குமிழி வந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றே: நடுப்பலகைப் பெட்டி மேல்தட்டைச் சந்திக்கும் விளிம்பு.

அதனினும் வியப்பானது ஆறாவது படகு. அதன் அறைகள் மிக நன்றாகக் காற்றுப் பிடித்தன. அளவுக்கு மீறி நன்றாக. அடைத்த அறைக்கு ஊசித்துளை அளவான மூச்சுத்துளை ஒன்று இருக்க வேண்டும். காலையில் நிழலில் இருந்த படகை நண்பகல் மணலில் போட்டால் உள்ளே காற்று விரியும். போக வழியில்லாவிட்டால் தட்டு உப்பி இணைப்பைப் பிரிக்கும். பிறகு அதே படகைக் குளிர்ந்த நீரில் தள்ளினால் காற்றுச் சுருங்கி, கிடைக்கும் கீறல்கள் வழியே நீரை உறிஞ்சும். வரைபடத்தில் அந்தத் துளை இருந்தது. தொழிற்சாலையில் எவரோ அதைச் சிலிக்கன் பசையால் அடைத்திருந்தார்கள். கசிவுச் சோதனையில் தேறுவதற்காக அடைத்துவிட்டுத் திறக்க மறந்தார்களா, அல்லது அது குறை என்று நினைத்து அடைத்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். எப்படியானாலும், சோதனையில் தேறுவதற்காகப் பொருள் கெடுக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பொருத்துகளைப் பற்றி. சுக்கானைத் தாங்கும் கொளுக்கிகள் பின்பலகையில் வெறும் திருகாணியால் கண்ணாடியிழைக்குள் முடுக்கப்பட்டிருந்தன. பின்னால் பலகையோ உலோகத் தகடோ வைத்து மரையாணி போடப்படவில்லை. எதிர்பார்த்தபடியே, சோளகக் காற்றில் ஒரு படகின் மேற்கொளுக்கி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அருகில் நின்ற இறால் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், பழக்கியவருக்கு அல்ல. நாங்கள் எல்லாப் படகுகளிலும் பின்னால் தகடு வைத்து மாற்றினோம்.

ஊரில் சில்வர் என்று சொல்லும் கறள் பிடியாத உருக்கிலும் தரம் பலவகை. கடலுக்கு உகந்தது 316 என்ற வகை. அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புநீர் குழி தோண்டாமல் காப்பது அதுவே. மலிவான 304 வகையில் அது இல்லை. புதிதாக இருக்கையில் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. காந்தம் வைத்துப் பார்க்கும் எங்களூர் வழக்கமும் இங்கே உதவாது, ஏனெனில் இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதவை. ஒரு துளி விட்டு நிறமாற்றம் பார்க்கும் மொலிப்டினச் சோதனைத் திரவம் விற்பனையில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டிய இடம் தொழிற்சாலையின் வாசல், முல்லைத்தீவு அல்ல. முதல் தொகுதியில் ஒப்பந்தம் 316 என்றது. ஒரு மாரி முடிவதற்குள் கயிறு பூட்டும் வளையங்களைச் சுற்றித் தேநீர் நிறக் கறை படர்ந்தது. பாய்மரத்தில், அலுமினியமும் உருக்கு ஆணியும் நேரே தொடும் இடங்களில் வெண்பொடி பூத்தது. இடையில் காப்புப் பசை தடவியிருந்தால் இது வராது. பாய்கள் நல்லவை, தையல் நேர்த்தி, குறை சொல்ல ஏதுமில்லை. கயிறுகள் மட்டமானவை, மாற்றிவிட்டோம்.

இத்தனைக்கும் முதல் தொகுதி பரிசோதிக்கப்படாமல் வந்ததல்ல. ஏற்றுமதிக்கு முன் பார்ப்பதற்கென்று அந்நாட்டிலேயே இயங்கும் பரிசோதனை நிறுவனம் ஒன்றுக்கு, ஒரு நாள் கூலி என்ற கணக்கில், பணம் கட்டியிருந்தோம். அவர்களுடைய அறிக்கை வண்ணப்படங்களோடு மிக அழகாக வந்தது. நீளம் அளந்திருந்தார்கள், நிறம் ஒப்பிட்டிருந்தார்கள், பொதியின் அட்டை எத்தனை மடிப்பு என்று எண்ணியிருந்தார்கள், ஜெல்கோட்டில் இரண்டு கீறல்களைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருந்தார்கள். எடை நிறுக்கவில்லை. காற்றறையைச் சோதிக்கவில்லை. கொளுக்கியின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் மீது முழுப் பழியைப் போட முடியாது; கதிரைக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் எழுதிய அதே வினாப்பட்டியலைப் படகுக்கும் கொண்டுவந்தார்கள், பட்டியலில் இருந்ததை ஒழுங்காகச் செய்தார்கள். ஆனால் சேவை என்ற வகையில் அதற்கு நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். படகு தெரியாதவர் படகைப் பார்த்து எழுதிய சான்று, சான்றே இல்லாததைவிடக் கெடுதியானது; அதைக் காட்டித்தான் தொழிற்சாலை மீதிப் பணத்தை வாங்கியது.

மேலும், அவர்கள் ஆறில் இரண்டைத்தான் பார்த்தார்கள். கேட்டபோது சர்வதேச மாதிரியெடுப்பு அட்டவணையைக் காட்டினார்கள். ஐஎஸ்ஓ 2859-1 என்ற அந்தத் தரநியமத்தில், எட்டு வரையான தொகுதிக்கு, வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில், அட்டவணையின் முதல் வரி 2 அலகுகளையே காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் இயந்திரம் ஒரே மாதிரி அச்சடித்துத் தள்ளும் பொருளுக்கு உகந்த தருக்கம் அது. 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் வந்த டொப்பர் என்ற சிறு படகு பொலிப்புரொப்பிலீனை அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுவது. அங்கே இரண்டைப் பார்த்து மற்றவற்றை ஊகிப்பதில் நியாயம் உண்டு. கையால் விரிப்புப் போட்டு உருட்டிய உடல் ஒவ்வொன்றும் தனிப்பொருள். திங்கட்கிழமை செய்ததைப் பார்த்துச் சனிக்கிழமை மாலை செய்ததற்குச் சான்று எழுத முடியாது. கையால் செய்த படகைத் தொகுதியாகப் பார்ப்பதே தவறு. ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும்.

உடலில் பொறித்திருந்த இலக்கத்தையும் ஐரோப்பியத் தகட்டையும் காட்டித் தொழிற்சாலை வாதிட்டது. இலக்கம் பயனுள்ளது. 14 எழுத்தெண்களில் நாட்டுக்கு இரண்டு, செய்தவருக்கு மூன்று, வரிசைக்கு ஐந்து, பின்னர் செய்த மாதத்துக்கு ஓர் எழுத்து, செய்த ஆண்டின் கடைசி எண், இறுதியில் மாதிரி ஆண்டுக்கு இரண்டு எண்கள் என்று அது அமையும். அதை வாசித்துத்தான் இரண்டு படகுகள் எங்கள் கட்டளைக்கு நெடுநாள் முன்பே செய்து முற்றத்தில் கிடந்தவை என்று கண்டுகொண்டோம். தகடு வேறு கதை. 2.5 முதல் 24 மீற்றர் வரையான உல்லாசப் படகுகளுக்கான 2013/53 இலக்க ஐரோப்பிய விதியில், ஒதுக்கமான நீர்நிலைக்குரிய ‘டி’ வகைச் சிறு படகுக்குத் தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே அறிவித்துத் தகட்டை ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே அந்தத் தகடு தயாரிப்பாளரின் வாக்குறுதி. மூன்றாம் ஆளின் சாட்சி அல்ல. அந்த வகையின் எல்லை காற்று போபோர்ட் அளவில் 4ஆம் விசை, குறிப்பிடத்தக்க அலை உயரம் 0.3 மீற்றர் என்பதையும் சொல்ல வேண்டும். நந்திக்கடலின் காலை நேரத்துக்கு அது பொருந்தும். பிற்பகல் சோளகத்துக்குப் பொருந்தாது, முல்லைத்தீவின் திறந்த கடலுக்கு எந்த நேரத்திலும் போதாது.

தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கும் உரிமை எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு வெளியுலகில் ஒரு பெரிய சான்று உண்டு. லேசர் என்ற ஒருவர் படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடியது. பல நாட்டுத் தொழிற்சாலைகள் ஒரே கைந்நூலின்படி அதைச் செய்தன. 2019இல் அதன் வகுப்புச் சங்கம் ஐரோப்பாவுக்கான தயாரிப்பாளருடனான உடன்பாட்டை முறித்துக்கொண்டது. தொழிற்சாலையைப் பார்வையிட அனுமதிக்கவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். தயாரிப்பாளர் தம் தரப்பில் வேறு நியாயம் சொன்னார். வணிகப் பெயர் அவர்களிடம் இருந்ததால், படகின் பெயரே இல்கா என்று மாறியது. ஒலிம்பிக் படகுக்கே அந்த உரிமைக்காக ஒரு பெயரைத் துறக்க நேர்ந்தது என்றால், பத்துப் படகு வாங்கும் நாங்கள் அதை ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் எழுதிக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எங்கள் கரைக்கு இது புதிய பாடமும் அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இங்கே வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகளை நினைவிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரத்தில் புதிது புதிதாக முளைத்த பட்டறைகளில் கட்டப்பட்டவற்றில் பல தரம் குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமே அக்காலத்தில் எச்சரித்தது. தானமாக வந்ததால் எவரும் தட்டிப் பார்க்கவில்லை. உறவுகள் அனுப்பிய பணத்திலும் அதே ஆபத்து உண்டு: கொடுத்தவர் தொலைவில் இருக்கிறார், பெறுபவர் குறை சொல்லக் கூசுகிறார், இடையில் தொழிற்சாலை தப்பிவிடுகிறது.

“அன்னபூரணியை அமெரிக்காவுக்கு அனுப்பின சனம், இப்ப படகு வாங்க வெளிநாடு போகுதோ தம்பி?” என்று கரையில் ஒரு முதியவர் கேட்டார். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்பது வடக்கில் எல்லோரும் அறிந்த பெருமை. கேள்வியில் நியாயம் உண்டு. விடை கணக்கில் இருக்கிறது. இங்குள்ள பட்டறைகளின் அச்சுகள் வெளியிணை இயந்திரம் பூட்டும் மீன்பிடிப் போட்டுக்கு உரியவை. பத்துப் பாய்ப்படகுக்காகப் புதிய அச்சு செய்தால் படகைவிட அச்சுக்கு அதிக செலவாகும். பாய்மரமும் பாயும் எப்படியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே இரண்டாம் தொகுதிக்கும் அதே தொழிற்சாலைக்கே போனோம், ஒப்பந்தத்தை மட்டும் புதிதாக எழுதினோம். முன்பு 30 சதவீதம் முற்பணம், 70 சதவீதம் ஏற்றுமதிக்கு முன் என்று இருந்தது. இப்போது 30, 40, 30 என்று பிரித்தோம். நடுவிலுள்ள 40 சதவீதம், மேல்தட்டு ஒட்டுவதற்கு முன் எங்கள் சார்பில் ஒருவர் ஒவ்வோர் உடலின் உட்புறத்தையும் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே கட்டப்படும். பார்த்தவர் பரிசோதனை நிறுவனத்து எழுத்தர் அல்லர். அதே துறைமுக நகரில் படகு பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர். அவருக்குக் கொடுத்த கூலி, முன்பு அழகான அறிக்கைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. எடை 75 கிலோவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, உடலின் இலக்கமும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று எழுதினோம். காற்றறைச் சோதனை ஒவ்வோர் அறைக்கும். சோதனைக்குப் பின் மூச்சுத்துளை திறந்திருப்பதற்குத் தனிப்படம்.

தொழிற்சாலை முதலில் மறுத்து, பின்னர் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒன்று மிகவும் பயன் தந்தது. படகின் அடியில் நீர்வடிகால் பொருத்த வட்டமாக வெட்டி எடுக்கும் துண்டை எறியாமல், படகின் இலக்கம் எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் துண்டு பொய் சொல்லாது. ஜெல்கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நகைக்கடைத் தராசில் நிறுத்து, வெட்டவெளியில் புகை போகும் பக்கம் நிற்காமல் எரித்தால், ரெசின் புகையாகிப் போகும். மிஞ்சுவது இழை மட்டும். மறுபடி நிறுத்தால் இழையின் பங்கு தெரியும். விரிப்புகளைப் பிரித்து எண்ணவும் முடியும். கையால் போட்ட நறுக்கிழை விரிப்பில் எடைக்கணக்கில் 30 சதவீதத்தை ஒட்டி இழை இருந்தால் நல்ல கை. இரண்டாம் தொகுதியின் நான்கு துண்டுகளும் 30க்கும் 33க்கும் இடையில் நின்றன. முதல் தொகுதியின் 86 கிலோப் படகில் பழுது பார்க்க வெட்டிய துண்டை ஒப்பிட எரித்தேன்; 23 வந்தது.

நான்கு உடல்களும் 74 முதல் 77 கிலோவுக்குள் இருந்தன. எட்டு அறைகளும் காற்றுப் பிடித்தன, மூச்சுத்துளைகள் திறந்திருந்தன. கொளுக்கிகளின் பின்னால் தகடு இருந்தது. ஒரு படகில் மட்டும் நடுப்பலகைப் பெட்டியின் வாய் சற்றுக் கோணல். பலகை உரசுகிறது, உரைத்தாளால் தேய்த்துச் சரி செய்தோம். பொதியிலும் திருத்தம் தெரிந்தது: முதல் தொகுதியை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இடையில் அட்டை மட்டும் வைத்திருந்தார்கள், கொழும்பிலிருந்து மாங்குளம் வழியாக வந்து சேர்வதற்குள் விளிம்புகள் உரசித் தேய்ந்திருந்தன, இம்முறை நுரைப்பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. உலோகப் பொருத்துகள் 316 என்பதற்கு ஆலைச் சான்று தருவதாகச் சொல்லி, கடைசிவரை பொதுச்சான்று ஒன்றையே அனுப்பினார்கள். கறை இதுவரை தெரியவில்லை, ஆனாலும் மாரி ஒன்று கடந்த பிறகே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வேன். கயிறுகள் இம்முறையும் மட்டமானவை. மின்னஞ்சலுக்குப் பதில் பணம் நிலுவையில் இருக்கும்வரை மறுநாளே வந்தது. பணம் முடிந்ததும் வாரக்கணக்கில் தாமதித்தது.

பாடசாலையோ சங்கமோ நான்கைந்து படகு வாங்க நினைத்தால், இந்த அச்சு நல்லது, இந்தத் தொழிற்சாலையாலும் நன்றாகச் செய்ய முடியும். ஆனால் மூடுமுன் பார்க்கும் நிபந்தனையை அவர்கள் ஏற்காவிட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். ஒரே ஒரு படகு வாங்குபவருக்கு அந்த நிபந்தனையைக் கேட்கும் பலம் இருக்காது. அவர்கள் பழைய படகு ஒன்றை நேரில் தட்டிப் பார்த்து வாங்குவது மேல். கட்டளையிடும்போதே உதிரிச் சுக்கான் ஒன்று, கொளுக்கிச் சோடி இரண்டு, நடுப்பலகை ஒன்று ஆகியவற்றை அதே கொள்கலனில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பின்னர் தனியாக வரவழைத்தால் பொருளின் விலையைவிடக் கூலி அதிகம். கயிற்றை உள்ளூரில் வாங்குங்கள். வெளிநாட்டுக் கட்டளையில் கயிறு வேண்டாம் என்று எழுதி, அதற்குரிய தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.